லேபர் கார்டில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது?

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிகிற விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 26, பி.எஸ்சி. கணிதம், பி.எட். ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தவர். கடந்த அக்டோபரில், ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து ஷார்ஜாவில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்திருக்கிறார். அந்தப் பணம் அப்பா வட்டிக்கு வாங்கியது. சம்பளம் 4,500 திர்ஹாம், தங்க இடம் சென்டரே தருகிறது, மதியம் 12 முதல் இரவு 9 வரை வாரத்தில் ஆறு நாள் வேலை. புரொபேஷன் ஆறு மாதம், அதில் நான்கு முடிந்துவிட்டது.

இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள். சென்டர், இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டால் மாதம் ஆயிரம் கூட்டித் தருகிறேன் என்கிறது. அந்த ஆயிரத்தைப் பேங்கில் போடாமல் கையில் கொடுப்பார்களாம். ஷார்ஜாவிலேயே ஒரு சிபிஎஸ்இ பள்ளி ஏப்ரலில் கணித ஆசிரியராகச் சேரச் சொல்கிறது, 3,800 திர்ஹாம், தங்குமிடம் கிடையாது. துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்று ஆகஸ்ட் கடைசியில் உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்கிறேன் என்கிறது, 4,000 திர்ஹாம். வீட்டுக்கு மாதம் 2,500 அனுப்பியாக வேண்டும். புரொபேஷனில் விட்டால் ஆயுளுக்கும் தடை, போவதென்றால் 10,000 திர்ஹாம் கட்ட வேண்டும் என்று சென்டரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "விசாவில் அட்மின் கிளார்க் என்று போட்டிருக்கிறார்கள் மேடம், அதெல்லாம் ஃபார்மாலிட்டிதான் என்றார்கள்."

அன்புள்ள சகோதரி,

சம்பளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், விசாவில் இருக்கும் வேலையைப் பற்றி ஒரு வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

அட்மின் கிளார்க் என்றால் அட்மின் கிளார்க்தான்

நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். காகிதத்தில் நீங்கள் ஆசிரியர் இல்லை. வேலையை விட்டுப் போகும்போது கேட்டால் அனுபவச் சான்றிதழ் இலவசமாகத் தர வேண்டும் என்று அமீரகச் சட்டம் சொல்கிறது, அதில் என்ன வேலை பார்த்தீர்கள் என்றும் எழுதித் தர வேண்டும். உங்கள் சென்டர் எதை எழுதும்? லேபர் கார்டில், அதாவது வேலை அனுமதி அட்டையில் இருப்பதைத்தான் எழுதும். இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டீர்களானால் 28 வயதில் உங்கள் கையில் இரண்டரை வருட அட்மின் கிளார்க் அனுபவம் இருக்கும், நடுவில் பி.எட். ஒன்று வீணாகக் கிடக்கும். அடுத்த பள்ளி உங்களைப் புதிதாக வந்தவர் என்றுதான் எடுக்கும், சம்பளத்தையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இது போதாதென்று, அனுமதியில் ஒரு வேலை, செய்வது வேறு வேலை என்பது அங்கே விதிமீறல். ஆய்வு வந்தால் முதலில் மாட்டுவது நிறுவனம்தான், ஆனால் அந்த நேரத்தில் வகுப்பில் நின்றுகொண்டிருப்பது நீங்கள். வேண்டாம் அந்தத் தலைவலி.

ஆகவே மூன்று வேலைகளையும் ஒப்பிடும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: லேபர் கார்டில் என்ன எழுதுவீர்கள்? சிபிஎஸ்இ பள்ளி 'கணித ஆசிரியர்' என்கிறது. துபாய் பள்ளி 'உதவி ஆசிரியர்' என்கிறது. உதவி ஆசிரியரை மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை, ஆனால் வகுப்பைத் தனியாக நடத்திய அனுபவமாக அதை எல்லாப் பள்ளிகளும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "ஒரு வருடத்தில் ஆசிரியராக உயர்த்திவிடுவோம்" என்று இன்டர்வியூவில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் கொடுத்தார்களா? இல்லையென்றால் அதை நம்பி ஆகஸ்ட் வரை காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

தடை, பாண்ட், பாஸ்போர்ட்

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்த மூன்றும்தான் என்று தெரிகிறது. மூன்றிலும் உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு.

அமீரகத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் சென்டர் சொல்லும் 'ஆயுள் தடை' இதில் எங்கேயும் இல்லை. பிரிவு 9 சொல்வது இதுதான்: புரொபேஷனில் இருக்கும்போது நாட்டுக்குள்ளேயே வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், குறைந்தது ஒரு மாதம் முன்பாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உங்களை வரவழைக்கப் பழைய நிறுவனம் செய்த செலவைப் புதிய நிறுவனம் ஈடுகட்ட வேண்டும். கவனியுங்கள், நீங்கள் கட்ட வேண்டும் என்று இல்லை, புதிய நிறுவனம். அவர்களுக்குள் வேறு மாதிரி பேசி முடித்துக்கொண்டால் அதுவும் சரி. மொத்தமாக ஊருக்கே திரும்புவதென்றால் 14 நாள் நோட்டீஸ் போதும். இந்த விதிகளை மீறி நாட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு வருடம் வேலை அனுமதி கிடைக்காது. 'தடை தடை' என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொரு விதமாகவும் மாட்டிக்கொள்ளலாம். கோபத்தில் வேலைக்குப் போகாமல் அறையிலேயே உட்கார்ந்துவிடுவது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் தகவல் சொல்லாமல் வராவிட்டால் நிறுவனம் உங்கள் மேல் புகார் பதியலாம், ஊரில் 'அப்ஸ்காண்டிங்' என்று பேசிக்கொள்கிறார்களே, அது. அதற்கும் ஒரு வருடத் தடை உண்டு. அவர்கள் எவ்வளவு மோசமாக நடந்துகொண்டாலும் சரி, நோட்டீஸ் முடிகிற கடைசி நாள் வரை நேரத்துக்குப் போய்ப் பஞ்ச் வையுங்கள்.

அந்த 10,000 திர்ஹாம் விஷயம். ஆள் எடுக்கும் செலவையும் விசாச் செலவையும் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ வசூலிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 6 சொல்கிறது. 'பாண்ட்' என்று தனிக் காகிதத்தில் எழுதி வாங்கினால் மட்டும் அது செல்லுபடி ஆகிவிடாது. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டப்படி செல்லாத காகிதத்தைக் காட்டியே மிரட்டிச் சம்பளத்தில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், பிறகு அதைத் திரும்ப வாங்க அலைவது நீங்கள்தான். நிறுத்தி வைத்த சம்பளத்துக்காக அமைச்சகத்துக்கு நடையாய் நடந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஜெயிப்பார்கள், ஆனால் அதற்குள் பாதி ஆளாகிவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டவிரோதம், பிரிவு 13. இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டைக்கு நிற்கிற தொனி வேண்டாம், வங்கி வேலைக்குத் தேவைப்படுகிறது, திருப்பித் தரவும் என்று இரண்டு வரி போதும். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட வேண்டும், இந்த வரிசை முக்கியம். தர மறுத்தால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம், அங்கே எல்லோரும் 'மோஹ்ரே' என்பார்களே, அதுதான். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இருக்கிறது, இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆலோசனை தருவார்கள்.

ஏஜென்ட் வாங்கிய ஒன்றரை லட்சம் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் இந்தியாவில் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல் எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அப்பா புகார் கொடுக்கலாம்.

பணத்தைக் கணக்குப் போடுவோம்

இங்கேதான் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சென்டரில் 5,500, பள்ளியில் 3,800 என்று ஒப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த ஆயிரத்தைத் தள்ளி வையுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாமல் கையில் வருகிற பணம், மாணவர் எண்ணிக்கை குறைந்த மாதத்தில் வராது, வரவில்லை என்று எங்கேயும் நிரூபிக்கவும் முடியாது. உங்களுக்குச் சொந்தமானது, மோஹ்ரே ஒப்பந்தத்தில் எழுதி வங்கி வழியாக வருகிற 4,500 மட்டும்தான்.

பள்ளியின் 3,800-இலிருந்து பெட் ஸ்பேஸுக்கு, அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு, 800 போகும் என்று விசாரித்திருக்கிறீர்கள். மீதி 3,000. சாப்பாடு, போன், பஸ் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 900 ஆகிறது. கையில் 2,100. வீட்டுக்கு 2,500 அனுப்ப முடியாது. இதை மழுப்பிப் பேசிப் பயனில்லை. 1,800 அனுப்பலாம், அதுவும் இழுத்துப் பிடித்தால்.

ஆனால் இப்போதைய கணக்கையும் பாருங்கள். 4,500-இல் 2,500 அனுப்பி 900 செலவழித்தால் மாதம் 1,100 மிஞ்ச வேண்டும். அது எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. சேர்த்து வைத்திருந்தால், நான்கு மாதத்தில் நாலாயிரத்துக்கு மேல் இருக்கும், மாறுகிற சமயத்தில் அறைக்கு முன்பணம், நடுவில் சம்பளம் தள்ளிப்போனால் சமாளிப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் கை கொடுக்கும். சேர்க்கவில்லை என்றால் ஏப்ரலுக்குள் சேர்க்கத் தொடங்குங்கள், ஊருக்குத் தங்கச் செயின் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் பேசுங்கள். கடன் எவ்வளவு, வட்டி என்ன, ஒரு வருடம் மாதம் 1,800 வந்தால் எப்போது முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். மாதம் 700 குறைவு என்பது அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் "பொண்ணு துபாய்ல இருக்கா" என்ற நினைப்பில் வீட்டில் புதுச் செலவுகள் ஏறிக்கொண்டே போவதை நான் நிறையக் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். கடனுக்குப் போகிற பணம் எது, அந்த மாதிரிப் போகிற பணம் எது என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

பள்ளியிடமும் பேரம் பேசுங்கள். தங்குமிடம் கிடையாது என்றதும் பேசாமல் வந்துவிட்டீர்கள். தனியாக இருக்கும் ஆசிரியைகளுக்குப் பள்ளியே பிளாட் எடுத்து வைத்திருப்பது உண்டு, கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். பள்ளி பஸ்ஸில் இலவசமாக வரலாமா என்றும் கேளுங்கள். கோடை விடுமுறைக்கு முழுச் சம்பளம் உண்டா, ஏப்ரலில் சேர்ந்தவருக்கும் உண்டா என்பதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள், இதில் ஏமாந்தவர்கள் அதிகம்.

கிராஜுவிட்டி பற்றிப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். அது மொத்தச் சம்பளத்தின் மேல் இல்லை, கடைசியாக வாங்கிய பேசிக் மேல்தான் கணக்கு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக், ஒரு வருடமாவது முடித்திருக்க வேண்டும். உங்கள் சென்டரில் பேசிக் 1,800, அப்படியானால் வருடத்துக்கு 1,260 திர்ஹாம். பள்ளியில் பேசிக் 2,300, வருடத்துக்கு 1,610. வித்தியாசம் வெறும் 350. இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மருத்துவக் காப்பீட்டைப் பள்ளி தருகிற சலுகை என்று நினைக்கிறீர்கள், அதுவும் அப்படி இல்லை. 2025 ஜனவரி முதல் ஷார்ஜாவிலும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அது கட்டாயம், செலவு நிறுவனத்துடையது. உங்கள் சென்டர் அதற்காகச் சம்பளத்தில் பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

பணத்தில் எழுத முடியாத ஒன்று மட்டும் பாக்கி. ஷார்ஜா தனியார் பள்ளிகளுக்கு 2022-இலிருந்து வாரம் நான்கு நாள்தான், வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. பேப்பர் திருத்துவது, பாடக் குறிப்பு எழுதுவது என்று அதில் ஒரு நாள் போய்விடும், அது எந்த ஊர் ஆசிரியருக்கும் உள்ளதுதான். ஆனாலும் இப்போது வாரத்தில் 48 மணி நேரம் நிற்கிற உங்களுக்கு அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடித்து வந்து யாரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் டியூஷன் எடுக்கலாமா, எல்லோரும் எடுக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் எடுக்கிறார்கள், அனுமதி இல்லாமல் எடுத்து மாட்டுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் தனியார் டியூஷனுக்கென்றே ஓர் அனுமதி கொண்டு வந்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை, இரண்டு வருடம் செல்லும். பள்ளியில் ஊன்றிய பிறகு, பள்ளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அதற்கு விண்ணப்பியுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே டியூஷன் எடுக்காதீர்கள், அது வேறு வம்பு. வீட்டுக்கு அனுப்புவதில் விழுகிற 700 திர்ஹாம் பள்ளத்தை இதில் நிரப்ப முடியும்.

என் யோசனை

சிபிஎஸ்இ பள்ளி. ஆனால் இன்னும் ராஜினாமா எழுதாதீர்கள். "மின்னஞ்சலில் ஆஃபர் வந்துவிட்டது, திங்கட்கிழமை பேப்பர் போடட்டுமா" என்று கேட்கிறீர்கள். அந்த மின்னஞ்சல் போதாது. மோஹ்ரே வடிவத்தில், பேசிக் எவ்வளவு, மற்ற படிகள் எவ்வளவு, பதவி என்ன என்று எழுதிய ஆஃபர் கடிதம் வந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஷார்ஜாவில் ஆசிரியர் நியமனத்துக்கு அங்கே உள்ள தனியார் கல்வி ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும், அதற்கு உங்கள் பட்டமும் பி.எட்.டும் சான்றுறுதி ஆகியிருக்க வேண்டும். உங்களுடையதில் பி.எஸ்சி. மட்டும்தான் ஆகியிருக்கிறது. அட்மின் கிளார்க்குக்கு பி.எட். எதற்கு என்று அப்போது விட்டிருப்பார்கள். மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று அது நான்கு இடம் போய் வர வேண்டும், வாரக் கணக்கில் ஆகும். சான்றிதழ் ஊரில் இருந்தால் இன்றே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஏப்ரல் கைநழுவினால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சென்டருக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுத் தொகையைத் தருவார்களா என்று பள்ளியிடம் இப்போதே நேராகக் கேளுங்கள். "அதை நீங்களே கட்டிவிடுங்கள்" என்றால், அதுவும் பிரிவு 6-க்கு எதிரானதுதான், அப்படிக் கேட்கிற பள்ளியின் மேல் எனக்குச் சந்தேகம் வரும். இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. ஏப்ரல் நடுவில் புரொபேஷன் முடிந்த பிறகு ஒப்பந்தத்தில் உள்ளபடி நோட்டீஸ் கொடுத்தால், உங்களுடையதில் 30 நாள் என்று இருக்கிறது, இந்த ஈட்டுப் பேச்சே வராது. மே நடுவில் சேரலாம். பள்ளி அதுவரை காத்திருக்குமா என்பதுதான் பிரச்சினை. கணித ஆசிரியர் இல்லாமல் ஏப்ரலைத் தொடங்க எந்தத் தலைமை ஆசிரியருக்கும் மனம் வராது. ஆகவே பள்ளியே ஈட்டுத் தொகையைக் கொடுக்கிற வழியையே முதலில் முயன்று பாருங்கள்.

ஒப்பந்தத்தில் "இரண்டு வருடம் அமீரகத்தில் எங்கும் கற்பிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருப்பதாகச் சொன்னீர்கள். போட்டித் தடைக்கு இரண்டு வருடம்தான் உச்சவரம்பு, அதுவும் இடம், காலம், வேலை எது என்று நிறுவனத்துக்கு உண்மையிலேயே தேவையான அளவுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். நாடு முழுக்க, எந்தப் பாடமும் கூடாது என்பது நிற்பது கஷ்டம், அதுவும் அட்மின் கிளார்க்கின் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு. நீங்கள் உங்கள் பக்கம் சுத்தமாக இருங்கள்: மாணவர்களின் போன் நம்பர்களையோ சென்டரின் பாடக் குறிப்புகளையோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள், "டீச்சர் எங்கே போறீங்க" என்று பெற்றோர் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மார்ச் முதல் வாரத்துக்குள் மோஹ்ரே கடிதம் வரவில்லையென்றால் நோட்டீஸ் கொடுக்காதீர்கள். சென்டரிலேயே இருங்கள், பாண்டை மட்டும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று தள்ளிப்போடுங்கள், புரொபேஷன் முடியட்டும். முடிந்ததும், ஆயிரம் கையில் வேண்டாம், பதவியை ஆசிரியர் என்று மாற்றி ஒப்பந்தத்தில் ஐந்நூறு ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலை வைத்து துபாய் பள்ளிக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்யலாம், அதற்கு ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. எனக்கு எழுதுவதானால் அப்போது ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள், இந்த முறை மூன்றாம் பக்கம் விட்டுப்போயிருந்தது.